போராவின் பெரியம்மாவுக்கு

தார்கான், மங்கோலியா
9 ஜனவரி 1994

அன்புள்ள ஓக்-பூன் அக்காவுக்கு,

உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அத்தானின் இருமல் நின்றதா? இங்கே நாங்கள் நால்வரும் உறைந்துபோகாமல் இருக்கிறோம். காலையில் வெளியே மைனஸ் முப்பத்தாறு. சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள், மூக்குக்குள் முடி உறைந்து குத்துகிறது.

உங்கள் கொழுந்தனார் வேலை பார்க்கும் தோல் ஆலையில் இயந்திரங்கள் ஓட ஆரம்பித்துவிட்டன. எங்களுக்குத் தருவதாகச் சொன்ன வீட்டுக்கு மட்டும் இன்னும் கூரை வரவில்லை. அதனால் இங்கே ஆடு மாடு மேய்க்கும் டுல்மாவின் கூடாரத்திலேயேதான் இருக்கிறோம். அவளுக்கு ஒன்பது பிள்ளைகள். அடுப்பு ஒன்றே ஒன்று. வந்த முதல் மாதம் தினமும் அழுதேன். இப்போது எங்களுக்குத் தனி வீடே வேண்டாம் என்று தோன்றுகிறது.

நீங்கள் அனுப்பிய மூன்று படங்களும் கிடைத்தன. போராவை உங்களிடம் விட்டு வந்து பத்து மாதம் ஆகிறது. நன்றாக வளர்ந்திருக்கிறாள். ஆசையோடு டுல்மாவிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இந்தப் புள்ளைக்குக் கால் இருக்கா, இல்லையா?" என்றாள். மூன்று படத்திலும் போரா உங்கள் முதுகில்தான் இருக்கிறாள், துணியால் இறுகக் கட்டி. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

கோபித்துக்கொள்ளாதீர்கள். இங்கே நான் கற்றுக்கொண்டதை உங்களுக்குச் சொல்லாமல் யாருக்குச் சொல்வேன்? டுல்மாவின் கடைக்குட்டிக்குப் போராவின் வயதுதான். ஆட்டுக்குட்டியோடு உருண்டு, தானே எழுந்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு போகிறது. "பாத்து, பாத்து" என்று யாரும் பின்னால் கத்துவதில்லை. அடுப்புப் பக்கம் போகும் வயதில் மட்டும் இடுப்பில் துணி கட்டி, மறு முனையைக் கட்டிலில் முடிந்துவிடுகிறார்கள். அடுப்பை எட்டாத அளவுக்குத் துணி, மற்றதெல்லாம் அதன் இஷ்டம். மூத்தவர்கள் சூ-ரானும் மி-ரானும் இந்த ஒரு வருஷத்தில் ஆளே மாறிவிட்டார்கள். போராவையும் கீழே இறக்கிவிடுங்கள் அக்கா. நெஞ்சுச் சளி இருக்கிறது என்பதற்காக ஐந்து சட்டை போட்டால் சளி குறையாது.

பெரிய பெண்கள் இருவரும் பெரியம்மாவைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தங்கை போன்ற,
ஹே-சூக்


புங்கி, தென் கொரியா
14 பிப்ரவரி 1994

ஹே-சூக்குக்கு,

கடிதம் வந்தது. நான் நன்றாக இருக்கிறேன். முழங்கால் வலிக்கிறது. உன் பிள்ளையைத் தூக்கித் தூக்கித்தான் வலிக்கிறது, கேட்டாயே, அதற்குப் பதில்.

முதலில் உறையைப் பற்றி ஒரு வார்த்தை. "போராவின் பெரியம்மாவுக்கு" என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தாய். தபால்காரருக்குத் தொண்டை பெரிது என்பது உனக்கே தெரியும். அரிசிக்கடை வாசலில் நான்கு பேர் நிற்கும்போது அதை உரக்கப் படித்தார். கடைக்காரி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து பதினெட்டு வருஷம் என்னை எல்லோரும் ஆன்டோங்காரி என்றுதான் கூப்பிட்டார்கள். மற்றவளெல்லாம் இன்ன பிள்ளையின் அம்மா. எனக்கு மட்டும் பிறந்த ஊர்தான் பெயர். போன வருஷத்திலிருந்துதான் நான் போரா அம்மா. அதை நான் யாரிடமும் கேட்டு வாங்கவில்லை, தெருவே தந்தது. இனி உறைமேல் என் பெயரை எழுது. எனக்கும் ஒரு பெயர் இருக்கிறது.

அடுத்தது கால். உன் டுல்மாவிடம் சொல்: போராவுக்கு இரண்டு கால் இருக்கிறது, ஒவ்வொன்றிலும் ஐந்து விரல். அந்தப் படங்கள் டிசம்பர் மாதம் பனியில் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் எடுத்தவை. அவளை நடத்திக் கூட்டிப்போயிருக்க வேண்டுமா? இரவு பகலாக அந்த நெஞ்சு இழுப்பதைக் கேட்டவள் நான். கூடாரத்தில் உட்கார்ந்து படத்தைப் பார்த்துத் தீர்ப்பு சொல்வது சுலபம்.

புத்தாண்டன்று உன் அத்தானுக்கு விழுந்து கும்பிட்டாள். விழுந்தவள் எழவே இல்லை. பின்புறத்தைத் தூக்கிக்கொண்டு அப்படியே தூங்கிப்போனாள். வீடே சிரித்தது. நீ பார்த்திருக்க வேண்டும் என்று எழுத வந்தேன், பிறகு வேண்டாம் என்று நினைத்தேன், ஆனாலும் எழுதிவிட்டேன்.

பிள்ளை வளர்க்கும் பாடம் இனி எனக்கு வேண்டாம். உன் பெரிய பெண்கள் இருவரையும் கேட்டதாகச் சொல்.

ஓக்-பூன்


தார்கான்
12 மார்ச் 1994

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்தபோது வெளியே புழுதிக்காற்று. உள்ளேயும் அதுதான். எல்லோரும் சுகம். உங்கள் சுகத்துக்கும் குறைவிருக்காது, எழுத்தின் வேகத்திலேயே தெரிகிறது.

உறைமேல் இல்லாததை நான் எழுதவில்லை. நீங்கள் பெரியம்மாதானே? அதில் என்ன குறைச்சல்?

பாடம் வேண்டாம் என்கிறீர்கள், சரி. ஆனால் நீங்கள் அரைக் கிண்ணம் சோற்றுக்கு மூன்று முறை வீட்டைச் சுற்றி ஓடுவதாக அத்தான் இவருக்கு எழுதியிருக்கிறார். அதைக் கேட்டபின் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. மி-ரானும் அப்படித்தான் இருந்தாள். இங்கே வந்ததும் கொழுப்பு வாசனை, பால் வாசனை என்று இரண்டு நாள் பட்டினி. நான் கரண்டியோடு பின்னால் போனேன். டுல்மா கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டாள். "வயித்துக்கு வழி தெரியும். நீ ஏன் ஓடுறே?" என்றாள். நடுவில் ஒரு பெரிய பாத்திரம், அதைச் சுற்றிப் பத்துப் பிள்ளைகள். மூன்றாம் நாள் மி-ரான் எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தாள். இன்று அவள் கையிலிருந்து பிடுங்கவேண்டியிருக்கிறது.

இங்கே பிள்ளைகளை யாரும் மெச்சுவதுமில்லை. ஒரு பிள்ளையை அழகாக இருக்கிறாள் என்று வாய் தவறிச் சொன்னேன், கண் படாமலிருக்க டுல்மா துப்பச் சொன்னாள். ஐந்தாவது பெண்ணுக்கு நெர்குய் என்று பெயர், பெயரில்லை என்று அர்த்தம். அவளுக்கு முன்னால் இரண்டு போய்விட்டதாம், இவளையும் எந்தக் கெட்டதும் பெயர் சொல்லித் தேடி வரக்கூடாது என்று. அந்த நெர்குய்யைக் குழந்தை இல்லாத தங்கைக்கே கொடுத்துவிட்டாள். மாதம் ஒருமுறை இங்கே வந்து இரண்டு நாள் சண்டை போட்டுவிட்டுப் போகிறது. டுல்மா அதற்காகக் கண்ணைக் கசக்குவதில்லை. பிள்ளையைப் பிடித்துக்கொண்டு தொங்குவது அன்பு இல்லை அக்கா, இதைத்தான் நான் இங்கே கற்றேன்.

முக்கியமான சேதி. இவரது ஆலை ஒப்பந்தம் அக்டோபரில் முடிகிறது. திரும்பி வந்ததும் போராவை எங்களோடு சியோலுக்கு அழைத்துப்போகிறோம். இப்போதிருந்தே அவளிடம் சொல்லி வையுங்கள், அம்மா வரப்போகிறாள் என்று.

அத்தானுக்கு என் வணக்கம்.

ஹே-சூக்


புங்கி
4 ஏப்ரல் 1994

ஹே-சூக்குக்கு,

ஆப்பிள் மரத்தில் மொட்டு வந்துவிட்டது. நாங்கள் சுகம். நீயும் சுகமாக இரு.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். இவ்வளவு நாள் நீ எழுதிய பாடங்களில் ஒன்றுகூட எனக்குப் பிடிக்கவில்லை. கடைசியாக ஒன்று எழுதினாயே, அது பிடித்திருக்கிறது. ஒன்பது பெற்ற உன் குரு, ஒன்றைக் குழந்தை இல்லாத தங்கைக்குக் கொடுத்தாள். கண்ணையும் கசக்கவில்லை. எவ்வளவு நல்ல பெண்! கரண்டியோடு ஓடாதே என்பதைப் படித்தாய், முதுகில் கட்டாதே என்பதைப் படித்தாய். இந்தப் பாடத்தை மட்டும் ஏன் படிக்காமல் விட்டாய்?

படிக்கவே வேண்டாம், நீயே ஒருமுறை சொல்லியிருக்கிறாய். பிரசவ அறையில் நான்தான் இருந்தேன். பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் கடற்பாசி சூப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். நீ சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டு, "மூணாவதும் பொண்ணு. நீங்களே எடுத்துட்டுப் போயிடுங்க அக்கா. எனக்கு இதோட மூஞ்சியப் பாக்க வேணாம்" என்றாய். நான் எடுத்துத் துடைத்தேன். கண்ணைத் திறந்து முதலில் பார்த்த மூஞ்சி என்னுடையது.

பிறகு மனசு மாறி இருபது மாதம் வளர்த்தாய், ஒப்புக்கொள்கிறேன். அப்புறம் மங்கோலியா வந்தது. இவள் நெஞ்சுக்கு அந்த ஊர்க் குளிர் ஆகாது, குளிர் முடிந்ததும் வந்து அழைத்துப்போவேன் என்றாய். அடுத்த குளிர்காலமும் போயாயிற்று. கோடையில் வந்திருக்கலாமே? யார் தடுத்தார்கள்? இரண்டு பெண்களோடு கை வீசி நடப்பது சுகமாக இருந்ததா?

அவள் என்னை அம்மா என்றுதான் கூப்பிடுகிறாள். நான் சொல்லிக்கொடுத்தேனா, அவளாகவே கூப்பிட்டாளா என்று கேட்பாய். பதில் சொல்லமாட்டேன். அக்டோபரில் இன்னொரு அம்மா வருவாள் என்று நான் எப்படிச் சொல்வது? எந்த வாயால் சொல்வது?

ஓக்-பூன்


புங்கி
20 மே 1994

ஹே-சூக்குக்கு,

ஆறு வாரமாகப் பதில் இல்லை. தபால் தாமதமா, நீ தாமதமா தெரியவில்லை. எல்லோரும் நலம் என்று நினைத்துக்கொள்கிறேன்.

இதோடு ஒரு படிவம் வைத்திருக்கிறேன். போராவை எங்கள் குடும்பப் பதிவேட்டில் ஏற்றுவதற்கானது. உன் அத்தான் முத்திரை வைத்துவிட்டார். பக்கத்தில் உன் கணவர் முத்திரை வைக்க வேண்டும். பள்ளியில் சேர்க்கும்போது யார் பிள்ளை என்று வாத்தியார் கேட்டால் நான் திருதிருவென்று விழிக்க முடியாது.

பதில் வராவிட்டால் உனக்குச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வேன்.

நேற்று அவளே செருப்பை மாட்டிக்கொண்டாள். இடது வலது மாற்றித்தான்.

ஓக்-பூன்


தார்கான்
11 ஜூன் 1994

அக்கா,

சுகம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை.

உங்கள் கொழுந்தனார் படிவத்தைப் பார்த்ததும் முத்திரையைத் தேடி எழுந்தார். அண்ணன் கேட்டால் இவருக்குக் கை தானாக நீளும். நான் பிடுங்கி அடுப்பில் போட்டேன். இங்கே அடுப்பில் சாணிதான் எரிகிறது, அதோடு அதுவும் எரிந்தது. இதுதான் என் பதில்.

பதினாறு மணி நேரம் வலி கண்டவள் வாயிலிருந்து வந்த ஒரு வார்த்தையை மூன்று வருஷம் மடித்துப் பத்திரமாக வைத்திருக்கிறீர்கள். அன்றைக்கு வாசலில் யார் யார் நின்று, மூன்றாவதும் பெண்ணாம் என்று உச்சுக்கொட்டினார்கள் என்பதையும் ஞாபகம் வைத்திருக்கிறீர்களா? அத்தானும்தான் கொட்டினார். அதைக் கேட்டுவிட்டுத்தான் நான் சுவரைப் பார்த்துத் திரும்பினேன்.

டுல்மா கொடுத்தாள் என்றால் அது டுல்மாவின் பிள்ளை. நான் கொடுக்கவில்லை. பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். பார்த்துக்கொள்ளத் தந்த பாத்திரத்தில் பெயர் வெட்டிக்கொள்கிறவர்களை என்னவென்று சொல்வது?

அவள் என் வயிற்றில் ஒன்பது மாதம் இருந்தவள். அது எப்படி இருக்கும் என்று உங்களுக்கு எழுதிப் புரியவைக்க முடியாது. பெற்றிருந்தால்தானே தெரியும்.

அக்டோபர் 14 விமானத்துக்குச் சீட்டு எடுத்தாயிற்று. பெட்டியைக் கட்டி வையுங்கள்.

ஹே-சூக்


புங்கி
2 ஜூலை 1994

உன் கடிதம் கிடைத்தது. போரா நலம். இனி எனக்கு எழுத வேண்டாம்.

ஓக்-பூன்


தார்கான்
20 ஜூலை 1994

அன்புள்ள அக்காவுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். எழுதுகிறேன். படிக்காமல் போட்டாலும் சரி.

உங்கள் கடிதம் என் கைக்கு வருவதற்கு முன்பே ஒரு காரியம் செய்துவிட்டேன். போன வாரம் திருவிழாவுக்காக எல்லோரும் தலைநகருக்குப் போனோம். குதிரைப் பந்தயத்தைப் பார்க்காமல் நான் தபால் நிலையத்தில் இரண்டு மணி நேரம் காத்திருந்து புங்கிக்குப் போன் போட்டேன். போராவுக்கு அன்று மூன்று வயது முடிந்த நாள். உங்களிடம் சண்டை போடுவதா, மன்னிப்புக் கேட்பதா என்று முடிவு செய்யாமலேயே எண்ணைச் சொல்லிவிட்டேன்.

போனை எடுத்தது அவள்தான்.

"அலோ. அம்மா தோட்டத்துல இருக்கு. ஆப்பிளுக்கெல்லாம் பூச்சி கடிக்காம பை மாட்டுது" என்றாள். குரல் தெளிவாக இருந்தது. மூச்சு இழுக்கவில்லை. நான் அந்த மூச்சையே கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு, "நீங்க யாரு?" என்று கேட்டாள்.

அக்கா, என் பெயரைச் சொன்னால் அவளுக்குத் தெரியாது. அம்மா என்று சொன்னால் அம்மா தோட்டத்தில் இருக்கிறாள். "நீங்க யாரு, சொல்லுங்க" என்று மறுபடி கேட்டாள். அதட்டினாள், உங்களைப்போலவே. நான் வைத்துவிட்டேன்.

கடைசிக் கடிதத்தில் எழுதிய அந்த ஒரு வரியை எழுதியிருக்கக் கூடாது. உங்களுக்கு எங்கே வலிக்கும் என்று தெரிந்தே எழுதினேன்.

ஹே-சூக்


தார்கான்
24 ஆகஸ்ட் 1994

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் பதில் எழுதமாட்டீர்கள் என்று தெரிந்ததால் இந்தக் கடிதம் கொஞ்சம் சுலபமாக இருக்கிறது. எல்லோரும் நலம். உங்கள் உடம்பு நன்றாக இருக்கட்டும். இதை நான் மனசாரத்தான் எழுதுகிறேன்.

போன் போட்ட கதையை டுல்மாவிடம் சொன்னேன். அழுதுகொண்டேதான் சொன்னேன், ஆறுதல் சொல்வாள் என்று நினைத்து. அவள் மாட்டின் மடியிலிருந்து கையை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நீ புள்ளையக் குடுத்தியா, போட்டுட்டு வந்தியா?" என்றாள்.

"பாத்துக்கச் சொல்லிட்டு வந்தேன்."

"புள்ளைகிட்ட என்ன சொன்னே?"

"ஒண்ணும் சொல்லல. விடியக் காலையில கிளம்பினோம். தூங்கிட்டு இருந்தா. எழுப்பினா அழுவாளேன்னு…"

அவள் பால் வாளியைக் கீழே வைத்தாள். ஒன்றரை வருஷத்தில் அவள் என்மேல் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை.

"அழுவாளா, நீ அழுவியா?" என்றாள். "நெர்குய்ய நான் எப்படிக் குடுத்தேன் தெரியுமா? நடுப்பகல்ல. வயிறு நிறைய சாப்பாடு குடுத்து, நல்ல துணி போட்டு, நானே தூக்கி என் தங்கச்சி குதிரை மேல வெச்சேன். இனி இவளும் உனக்கு அம்மா, நானும் அம்மாதான், நான் இந்த இடத்துலயேதான் இருப்பேன்னு காதுல சொன்னேன். வழி நல்லா இருக்கட்டும்னு பின்னாலயே பால் தெளிச்சேன். அந்தக் குன்றைத் தாண்டுற வரைக்கும் கத்துச்சு. ஒரு சத்தம் விடாம நின்னு கேட்டேன். அதை நான்தானே கேக்கணும்? பெத்தவ பங்கு அது. நீ உன் பங்கு அழுகைய வேற ஒருத்தி தலையில கட்டிட்டு, விடியறதுக்குள்ள ஓடி வந்திருக்கே. இதுல அவகிட்ட சண்டை வேறயா?"

வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவள் கண்ணைக் கசக்குவதில்லை என்று உங்களுக்குப் பெருமையாக எழுதினேனே, அவளைப் பற்றி நான் ஒன்றும் தெரிந்துகொள்ளவில்லை. பிள்ளைகள் விழுவதையும் எழுவதையும் பார்த்துவிட்டு எல்லாம் கற்றுக்கொண்டதாக நினைத்தேன்.

அக்கா, நாங்கள் கிளம்பியபின் நீங்கள் எழுதிய முதல் கடிதத்தில், "போரா அழவே இல்லை, விளையாடிக்கொண்டிருக்கிறாள்" என்று இருந்தது. நான் அதை நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது. கோடையில் வராததற்கும் அதுதான் காரணம். அவள்தான் அழவில்லையே என்று சொல்லிக்கொண்டேன். இன்னொன்றும் உண்டு. வந்தால் என் முகத்தைப் பார்த்து முழிப்பாளோ என்று பயந்தேன்.

எனக்கு என் பிள்ளை வேண்டும். அதில் மாற்றமில்லை. அவளை அழைத்துப்போகத்தான் வருகிறேன், உங்களிடம் பொய் சொல்லமாட்டேன். ஆனால் அதற்கு முன்னால் ஒன்று மட்டும் சொல்லுங்கள். அவள் எத்தனை நாள் அழுதாள்?

ஹே-சூக்


புங்கி
25 செப்டம்பர் 1994

ஹே-சூக்குக்கு,

பதினோரு நாள்.

கேட்டாயே, இந்தா, வாங்கிக்கொள். முதல் நாள் காலை எழுந்து உன்னைத் தேடினாள். சமையலறை, கழிப்பறை, ஆப்பிள் கிடங்கு, எல்லா இடத்திலும் கதவைத் திறக்கச் சொல்லித் தேடினாள். வாசலில் உன் பழைய ரப்பர் செருப்பு கிடந்தது. நீ அதை எடுத்துப்போகவில்லை. அதைப் பார்த்ததும் நீ வீட்டுக்குள்தான் இருக்கிறாய் என்று முடிவு செய்துவிட்டாள். செருப்பு இருக்கிறது, அப்படியானால் அம்மாவும் இருக்கிறாள். திரும்ப முதலிலிருந்து ஒவ்வொரு கதவாகத் தேடினாள். அந்தச் செருப்பைத் தூக்கி நெஞ்சில் வைத்துக்கொண்டு சாப்பிட்டாள், அதோடு தூங்கினாள். முதுகில் கட்டினால்தான் அழுகை அடங்கியது. முதுகுத் துணியைப் பற்றி நீயும் உன் டுல்மாவும் பேசினீர்களே, அது இப்படித்தான் ஆரம்பித்தது.

பதினோராவது நாள் என்னால் முடியவில்லை. அவள் தூங்கும்போது அந்தச் செருப்பை எடுத்துக் குப்பையோடு கொளுத்திவிட்டேன். எழுந்து தேடினாள். கிடைக்கவில்லை. பிறகு அழுகை நின்றது. மறுநாள் என்னை அம்மா என்று கூப்பிட்டாள். நான் இல்லை என்று சொல்லவில்லை. அழவே இல்லை என்று அன்று ராத்திரி உனக்கு எழுதினேன். உன் நிம்மதிக்காக எழுதினேன் என்று நினைக்காதே. அழுகிறாள் என்று எழுதினால் நீ வந்துவிடுவாயே, அதற்காகத்தான்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்றும் நினைக்காதே. நீ எழுதிய அந்த ஒரு வரியை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். நான் செய்ததை நீயும் மறக்க வேண்டாம். இரண்டு பேரும் வைத்துக்கொள்வோம்.

அறுவடைத் திருநாளுக்கு மறுநாள் அவளிடம் சொன்னேன். எத்தனையோ நாள் ஒத்திப்போட்டாயிற்று, இனி ஒத்திப்போட முடியாது. கஷ்கொட்டை உரித்துக்கொண்டிருந்தோம்.

"போரா, உன்னைப் பெத்த அம்மா விமானத்துல வருது. நான் உனக்குப் பெரியம்மா" என்றேன்.

"பொய்" என்றாள்.

"பொய் இல்லடி."

இன்னொரு கொட்டையை எடுத்துக் கடித்தாள். கசந்திருக்கும், துப்பினாள். "அவங்க வந்தா நீ எங்க போவே?" என்று கேட்டாள்.

"நான் எங்கயும் போகமாட்டேன். இங்கதான் இருப்பேன்" என்றேன். அவ்வளவுதான் என்னால் சொல்ல முடிந்தது. கொட்டைத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். உன் அத்தான் இரண்டு நாளாகக் கிடங்கில் பெட்டிகளை அடுக்கிவிட்டு, மறுபடி இறக்கிவைக்கிறார்.

பதிவேடு அப்படியே இருக்கட்டும். படிவம் இனி வராது. ஆனால் நான் சொல்கிறபடிதான் அவளை அழைத்துப்போக வேண்டும். வந்த அன்றே தூக்கிக்கொண்டு கிளம்ப விடமாட்டேன். பதினோரு நாள் என் வீட்டில் தங்கு. ஆப்பிள் பறிக்கும் நேரம், சும்மா உட்கார்ந்து சாப்பிட முடியாது, ஏணி பிடிக்க வேண்டும். அவள் உன்னைப் பார்த்து முழிப்பாள், முழிக்கட்டும். உன் கையால் சோறு வாங்கமாட்டாள். அவள் பின்னால் ஓடு. டுல்மா பார்க்கமாட்டாள். மார்கழிக் குளிரில் அவளுக்கு எத்தனை சட்டை, எந்தப் பக்கம் படுத்தால் மூச்சு இழுக்காது, எல்லாம் காட்டித்தருகிறேன். எழுதித் தரமாட்டேன், பார்த்துத் தெரிந்துகொள்.

பன்னிரண்டாவது நாள் நடுப்பகலில் கிளம்பு. அவள் விழித்திருக்க வேண்டும், சாப்பிட்டிருக்க வேண்டும். எங்கே போகிறோம் என்று நீயே அவளிடம் சொல். கத்துவாள். என் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடமாட்டாள். நானே விரல் விரலாக எடுத்து உன்னிடம் தருகிறேன். பஸ் திரும்புகிற வரைக்கும் அந்தச் சத்தத்தை நான் நின்று கேட்பேன். அதற்கப்புறம் சியோல் போய்ச் சேருகிற வரைக்கும் நீ கேள்.

ஓக்-பூன்